லைன் வீட்டு வாடகையும் மியாமியும்

போன தை மாதம் அவிநாசி பக்கம் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இரண்டாம் பந்தியில் மாமாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வாளியோடு வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "அண்ணா, சாம்பார் வேணுமா?" என்று தமிழில்தான் கேட்டான், கேட்ட விதத்திலேயே ஒடிசாவோ ஜார்க்கண்டோ என்று தெரிந்துவிட்டது. அவன் அடுத்த இலைக்கு நகர்ந்ததும் மாமா ஆரம்பித்தார். மாமா இருபத்தைந்து வருஷமாகத் திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். "பந்தி பரிமாறக்கூட இவனுங்கதான் மாப்ள. இவனுங்க வந்ததுல இருந்து பீஸ் ரேட்டு ஏறவே மாட்டேங்குது. ஏத்திக் கேட்டா, இதே ரேட்டுக்குத் தைக்க ஆள் இருக்குதுங்கறாங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது. 2021இல் பொருளாதார நோபல் வாங்கிய டேவிட் கார்டின் ஆய்வைப் பற்றி அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். இலையில் ரசம் ஆறிக்கொண்டிருக்க அமெரிக்காவின் மியாமி கதையை எடுத்துவிட்டேன். கியூபாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதில் ஒரே வருஷத்தில் அந்த ஊரின் வேலையாட்கள் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியது, ஆனாலும் அங்கே யாருக்கும் கூலி குறையவில்லை என்றேன். மாமா நம்புவதாக இல்லை. கடைசியில், "அது கெடக்கட்டும் மாமா, உங்க லைன் வீட்டுல யாரு குடியிருக்காங்க?" என்று கேட்டேன். நாலு ரூம். நாலிலும் ஜார்க்கண்ட் பையன்கள். மாமா சிரித்துக்கொண்டே மோருக்குக் கை நீட்டினார். நான் ஜெயித்தாயிற்று.

மாமாவுக்கு அந்தப் பக்கம் அவரோடு ஒரே பவர் டேபிளில் தைக்கும் நண்பர் உட்கார்ந்திருந்தார். சொந்த வீடு கிடையாது. அவரும் ஒரு லைன் வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறார், மாமாவுடையது அல்ல, வேறொருவருடையது. அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டவர் இலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, அந்த ஊர்ல வாடகை ஏறுச்சுங்களா?"

"அதெல்லாம் அந்த ஆய்வுல இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனேன். சொன்னது உண்மைதான். ஆனால் கை கழுவும் இடத்தில் வரிசையில் நிற்கும்போதே ஒரு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில், அன்று இலைமுன் அடித்துவிட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துவைத்து, இது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரியேல் துறைமுகம்

1980 ஏப்ரலில் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் இருக்கும் பெரு நாட்டுத் தூதரக வளாகத்துக்குள் சுமார் பத்தாயிரம் பேர் நுழைந்து தஞ்சம் கேட்டார்கள். கியூபாவை ஆண்ட காஸ்ட்ரோவுக்குக் கோபம். நாட்டைவிட்டுப் போக நினைப்பவர்கள் எல்லாரும் மாரியேல் துறைமுகம் வழியாகப் போய்க்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஏற்கனவே மியாமியில் குடியேறியிருந்த கியூபர்கள் மீன்பிடிப் படகு, உல்லாசப் படகு என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சொந்தபந்தங்களை அழைத்துவரக் கிளம்பினார்கள். அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் வந்து இறங்கியிருந்தார்கள். அதில் ஏறக்குறைய பாதிப்பேர் மியாமியிலேயே தங்கிவிட்டார்கள். படுக்க இடமில்லாமல் ஆரஞ்சு பௌல் கால்பந்து ஸ்டேடியத்தில் கொஞ்சம் பேர், நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டுக் கொஞ்சம் பேர். அந்த மே மாதத்தில்தான் ஒரு கறுப்பினத்தவரை அடித்துக் கொன்ற வழக்கில் போலீஸ்காரர்கள் விடுதலையாகி, லிபர்ட்டி சிட்டி பகுதியில் கலவரம் வெடித்து 18 பேர் செத்தார்கள். ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது.

கார்ட் இதை எடுத்துக்கொண்டதன் சூட்சுமம் எனக்குத் திருப்பூரை வைத்துத்தான் புரிந்தது. ஆர்டர் குவிகிற வருஷம்தான் ரயிலில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். அதே வருஷம் கூலியும் கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்துவிட்டு ஆள் வந்ததால்தான் கூலி ஏறியது என்று ஒருவன் கட்டுரை எழுதினால் இங்கே டீக்கடையில்கூட சிரிப்பார்கள். வேலை இருக்கும் ஊரைத் தேடித்தான் ஆட்கள் போகிறார்கள் என்பதால், ஆட்கள் போன ஊரையும் போகாத ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. மாரியேல் படகுகளோ மியாமியில் கூலி நன்றாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்பவில்லை. காஸ்ட்ரோவுக்குக் கோபம் வந்த நாளில் கிளம்பின. ஒரு ஊரின் மேல் திடீரென்று ஆட்களைக் கொட்டினால் என்ன ஆகும் என்று யாராலும் சோதனை செய்து பார்க்க முடியாது. வரலாறு தானாகவே அந்தச் சோதனையைச் செய்து வைத்திருந்தது.

பிறகு என்ன, மியாமியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா ஆகிய நாலு ஊர்களோடு ஒப்பிட்டார். இந்த ஒப்பீடு எதற்கு என்பதற்கு ஒரு விவரம் போதும். மியாமியில் வேலையில்லாதோர் விகிதம் 1980 ஏப்ரலில் 5 சதவீதமாக இருந்தது, ஜூலையில் 7.1 ஆனது. மியாமியை மட்டும் பார்ப்பவர்கள் படகுகளைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் அந்தக் கோடையில் அமெரிக்கா முழுவதும் மந்தம், படகு எட்டிப்பார்க்காத ஊர்களிலும் அப்படித்தான். 1990இல் வெளியான கட்டுரையின் முடிவு: படிப்பும் தேர்ச்சியும் குறைந்த உள்ளூர்க்காரர்களின் கூலியிலும் வேலையிலும் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. முன்பே வந்து குடியேறியிருந்த கியூபர்களுக்குக்கூட இல்லை.

ஏன் அப்படி என்பதற்கு அவர் சொன்ன ஊகங்களில் ஒன்றைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மியாமியில் முந்தைய அலைகளில் வந்தவர்களை நம்பி வளர்ந்த தொழில்கள் ஏற்கனவே இருந்தன. அதில் முக்கியமானது ஆயத்த ஆடைத் தொழில். தையல் மிஷினில் உட்காரவைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த ஊருக்குத்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். இன்னொன்று, அமெரிக்காவின் மற்ற ஊர்களிலிருந்து அந்த வருஷங்களில் மியாமிக்கு வந்திருக்கக்கூடியவர்கள் வராமல் வேறு பக்கம் போயிருக்கலாம். அப்படியானால் அடி வாங்கியவர் மியாமியில் இல்லை, எங்கேயோ இருக்கிறார். அவரை எந்தக் கணக்கெடுப்பில் போய்த் தேடுவது?

கார்டின் முறையை அசைத்துப் பார்த்த ஒரு குறும்பான வேலையையும் சொல்லிவிட வேண்டும். 1994இல் மறுபடியும் கியூபர்கள் படகில் கிளம்பினார்கள். இந்த முறை அமெரிக்கக் கப்பல்கள் அவர்களை மறித்து, கியூபாவிலேயே அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் குவாண்டனாமோவுக்குத் திருப்பிவிட்டன. மியாமிக்கு அந்த அலை வந்து சேரவேயில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் ஆலன் க்ரூகரும் அந்த நடக்காத வருகைக்கு கார்டின் அதே ஒப்பீட்டைச் செய்து பார்த்தார்கள். வராத ஆட்களால் மியாமி கறுப்பினத்தவரின் வேலையின்மை கூடிவிட்டது என்று கணக்கு சொன்னது! ஒரு ஊரின் போக்கு எத்தனையோ காரணங்களால் தானாகவே மாறும், நாலு ஊரை வைத்து அதை முழுதாகக் கழித்துவிட முடியாது. க்ரூகர் கார்டோடு சேர்ந்து குறைந்தபட்சக் கூலி ஆய்வு செய்தவர். ஆங்ரிஸ்ட் பின்னால் கார்டோடு நோபலைப் பகிர்ந்துகொண்டவர். நண்பர்களுக்குள் இப்படி ஒருவர் கணக்கை ஒருவர் உரசிப் பார்த்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பந்தியில் அந்தப் பழக்கம் இல்லை.

இருபது பேர்

2015 வாக்கில் ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் இதைத் திரும்பக் கிளறினார். அவரே ஹவானாவில் பிறந்து 1962இல் சிறுவனாக அமெரிக்கா வந்தவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாரியேலில் வந்தவர்களில் பத்துக்கு ஆறு பேராவது உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். அப்படியானால் அவர்களோடு நேருக்கு நேர் மோதும் உள்ளூர்க்காரர்களை, அதாவது அதே படிப்புள்ளவர்களை மட்டும் பார்க்க வேண்டாமா? ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) அல்லாத, 25 முதல் 59 வயது வரையிலான, பள்ளியை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்தார். அவர்கள் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்திருந்தது. 2017இல் குடியேற்றத்தைக் குறைக்கும் மசோதாவுக்கு ஆதரவாக வெள்ளை மாளிகைச் செய்தியாளர் கூட்டத்தில் மாரியேலை இழுத்தார்கள். நான் கல்யாணப் பந்தியில் இழுத்தேன், அவர்கள் அங்கே இழுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படித்த அன்று மாமாவுக்கு போன் போட்டு, நீங்க சொன்னதுதான் சரி மாமா என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. இப்படிப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் மிஞ்சும் ஆட்கள் எத்தனை தெரியுமா? அவர் எடுத்துக்கொண்ட மார்ச் மாதக் கணக்கெடுப்பில் மியாமிக்கு வருஷத்துக்கு இருபதை ஒட்டித்தான். ஒரு மினி பஸ் கொள்ளும் ஆண்கள். உலகமே அடித்துக்கொண்ட சண்டை அவர்கள் சம்பளத்தின் மேல்தான் நடந்திருக்கிறது.

மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிபர் ஹன்ட்டும் அந்தச் சிறு கூட்டத்துக்குள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். சரியாக 1980ஐ ஒட்டி அதில் கறுப்பின ஆண்களின் பங்கு சட்டென்று கூடுகிறது. அவர்கள் புதிதாக ஊருக்கு வந்துவிடவில்லை. முன்பு கணக்கெடுப்பில் விடுபட்டுப் போய்க்கொண்டிருந்தவர்களைப் புள்ளியியல் துறை அப்போதிருந்துதான் முயற்சி எடுத்துச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. அந்த நாட்டில் அவர்களுக்குச் சம்பளம் குறைவு. குறைந்த சம்பளக்காரர்கள் பட்டியலில் கூடினால், யாருடைய சம்பளமும் குறையாமலே சராசரி இறங்கும்.

இது எனக்கு ஆய்வாகவே படவில்லை, பழைய ஞாபகமாக வந்தது. எம்.காம். முடித்த கையோடு மூன்று வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதினேன். ஒரு சனிக்கிழமை மதியம், பட்டுவாடாவுக்கு முன்னால், முதலாளி கூப்பிட்டார். செக்கிங் செக்ஷனில் தலைக்கு விழும் கூலி போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறது, யார் குறைத்தது, யூனியனில் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது என்றார். யாரும் குறைக்கவில்லை. ரெஜிஸ்டரை எடுத்துவைத்து ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக் காட்டினேன். போன வருஷம் இருந்து இந்த வருஷமும் இருக்கும் அத்தனை பேருக்கும் ஷிப்ட்டுக்கு ஐந்தும் பத்துமாக ஏறித்தான் இருந்தது. ஆனால் கூலி அதிகம் வாங்கிய சீனியர் அக்காக்கள் இரண்டு பேர் வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார்கள், ஹெல்பர் கூலியில் ஆறு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். அவருக்குப் புரிய அரைநாள் ஆனது. புரிந்த பிறகும், "இருந்தாலும் குறைஞ்சிருக்குதல்ல?" என்றார்.

போர்ஹாஸ் கிளெமன்ஸ் தரப்பு விளக்கத்தை ஏற்கவில்லை. எனக்கு கிளெமன்ஸ் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ரெஜிஸ்டர் எழுதியவன் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் இதில் இன்னொரு முனையும் இருக்கிறது. இருபது பேரை வைத்துக் கூலி 30 சதவீதம் விழுந்தது என்று சொல்லக்கூடாது என்றால், அதே இருபது பேரை வைத்து அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் அடித்துச் சொல்லக்கூடாது. கார்ட் இவர்களைவிடப் பெரிய கூட்டத்தைத்தான் பார்த்தார், நிதானமாகத்தான் எழுதினார். யாருக்கும் கூலி குறையவில்லை என்பது அவர் வாக்கியம் அல்ல. ரசம் ஆறிக்கொண்டிருந்தபோது நான் போட்டுக்கொடுத்த வாக்கியம்.

வேலைக்கு மட்டும் வந்தவர்கள்

மாமா சொன்னதை மறுபடி ஞாபகப்படுத்திப் பார்த்தேன். என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று அவர் சொல்லவேயில்லை. ரேட்டு ஏறவில்லை என்றுதான் சொன்னார். இது இரண்டும் வேறு வேறு என்பதை எனக்குக் காட்டியது ஜெர்மனியின் எல்லையோர மாவட்டங்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1991இல், செக் நாட்டு ஆட்கள் எல்லையை ஒட்டிய ஜெர்மன் மாவட்டங்களில் வேலை செய்யலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் தங்கக்கூடாது, குடியேறக்கூடாது. வேலையை முடித்துவிட்டு எல்லை தாண்டி வீட்டுக்குப் போய்விட வேண்டும். கிறிஸ்டியன் டஸ்ட்மனும் அவர் கூட்டாளிகளும் இதை ஆராய்ந்தபோது மியாமிபோல ஒன்றும் ஆகவில்லை என்று முடியவில்லை. உள்ளூர்க் கூலி கொஞ்சமாகத்தான் இறங்கியது. உள்ளூர்க்காரர்களின் வேலை எண்ணிக்கை நன்றாகவே சரிந்தது. அதுவும் இருந்தவர்களைத் துரத்தியதால் அதிகம் இல்லை. புதிதாக உள்ளூர் ஆட்களைச் சேர்ப்பது குறைந்ததால். கேட்டில் யாரும் தள்ளுமுள்ளு செய்யவில்லை, ஆள் தேவை என்ற போர்டு மட்டும் காணாமல் போய்விட்டது.

மியாமிக்கு வந்தவர் வாடகைக்கு வீடு பிடித்தார், செருப்பு வாங்கினார், முடி வெட்டிக்கொண்டார், கட்டில் வாங்கினார். அவர் வேலை தேடும் ஆள் மட்டுமல்ல, இன்னொருவருக்கு வேலை கொடுக்கும் வாடிக்கையாளரும்கூட. எல்லை தாண்டி வந்த செக்காரர் உழைப்பை இங்கே கொடுத்துவிட்டுச் சம்பளத்தை அங்கே கொண்டுபோனார். இந்த விளக்கம் ஆய்வாளர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டது அல்ல, இரண்டுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டு. ஆனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதைவிட, வந்தவர்கள் குடியிருக்க வந்தார்களா, வேலைக்கு மட்டும் வந்தார்களா என்று கேட்பது எனக்கு உருப்படியாகத் தெரிகிறது. திருப்பூர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைப் பக்கம் போனால் மியாமிதான். போன் கவர் வாங்கவும் இயர்போன் வாங்கவும் பையன்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறார்கள். சம்பளம் வாங்கிய மறுநாள், ஒரு ரூமில் ஆறு பேர் படுத்துக்கொண்டு, அரிசிக்கும் ரீசார்ஜுக்கும் போக மிச்சத்தையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிடுவதைப் பார்த்தால் செக் எல்லை. குடும்பத்தோடு வந்து பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டவர்கள் வேறு இருக்கிறார்கள்.

அப்போ இவர்களை எல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டால் ரேட்டு ஏறிவிடும்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு தக்காளிக் கதை இருக்கிறது. பருவத்துக்கு வந்து போகும் மெக்சிகோ விவசாயக் கூலிகளை அமெரிக்கா 1964 முடிவோடு நிறுத்தியது. வருவது நின்றால் உள்ளூர்க் கூலி உயரும் என்பதுதான் எதிர்பார்ப்பு. கிளெமன்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் மூவரும் பார்த்ததில் அப்படி ஏறியதாகத் தெரியவில்லை. கலிபோர்னியா தோட்டக்காரர்கள் தக்காளி பறிக்கும் மிஷினை இறக்கினார்கள். மிஷினுக்குத் தோதில்லாத பயிர்களைக் குறைத்துக்கொண்டார்கள். திருப்பூரிலும் பீஸ் ரேட்டைப் பிடித்து வைத்திருப்பது பக்கத்து மிஷினில் இருக்கும் பீகார் பையன் மட்டுமில்லை. நூல் விலை இருக்கிறது, பங்களாதேஷ் என்ன விலைக்குத் தைத்துத் தருகிறது என்பது இருக்கிறது.

அந்த ஒரு கேள்வி

இத்தனையும் படித்தது அந்த நண்பரின் கேள்வியைச் சுற்றித்தான், ஆனால் அதற்குள் போகாமலே. வாடகை. கூலிக்குத்தானே இவ்வளவு சண்டை, வாடகையை யார் பார்த்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆல்பர்ட் சைஸ் பார்த்திருக்கிறார், 2003இலேயே அச்சாகிவிட்டது. மாரியேல் மியாமியின் வாடகைக் குடித்தனக்காரர்களின் எண்ணிக்கையை ஒரே வருஷத்தில் சுமார் 9 சதவீதம் கூட்டியது. 1979க்கும் 1981க்கும் நடுவில் மியாமி வாடகை, ஒப்பிட்ட ஊர்களைவிட 8 முதல் 11 சதவீதம் வரை கூடுதலாக ஏறியது. வசதியான வீடுகளுக்கு இது தட்டவேயில்லை. நடுத்தரத்துக்குக் கீழே இருந்த வீடுகளில்தான் ஏறியது. 1983இலும் அந்த இடைவெளி பெரிதாகக் குறையவில்லை.

இரண்டு, மூன்று தடவை படித்தேன். கூலி அப்படியே இருந்து வாடகை ஏறினால் கையில் நிற்பது குறைகிறது. கார்டின் கணக்கு முழுக்கச் சரியாகவே இருந்தாலும், மியாமியில் சொந்த வீடு இல்லாத ஒரு தையல்காரருக்கு 1981 நல்ல வருஷமாக இருந்திருக்காது. அவர் வீட்டுக்காரருக்கு இருந்திருக்கும். பந்தியில் மாமாவை மடக்க நான் எடுத்த அதே லைன் வீட்டை வைத்துத்தான் நண்பர் என்னை மடக்கினார். மடக்கியது அவருக்கும் தெரியாது, எனக்கும் அன்று புரியவில்லை. மாமாவுக்குக் கூலியில் போனது வாடகையில் வந்துவிட்டது. நண்பருக்குப் போனது இரண்டு பக்கமும். வாடகையை மட்டும் எடுத்து, ஏறியதைக் கொடுப்பவரையும் வாங்குபவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் வரும்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மாமா பாதி இந்தியும் பாதி தமிழுமாக ஒரு பையனிடம் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நண்பர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே, ஏறியிருக்குதுங்க. நூத்துக்கு எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும்" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டு வருஷத்துலயா?"

"ஆமாங்க."

"அவ்வளவுதானுங்களா?" என்று சிரித்துவிட்டு, மாமாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா? மியாமில வீட்டுக்காரங்க நல்லவங்களாட்டம் இருக்குது."

மாமா திரும்பிப் பார்க்காமல் அந்தப் பையனிடம் மோட்டார் கணக்கையே கேட்டுக்கொண்டிருந்தார்.